பிற்பகல் வருகை

பேராசிரியர் சுப்பராயன் ஒரு தாளைக் கையில் வாங்கினால் முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பார், மார்ஜின் ஒழுங்காக விட்டிருக்கிறதா என்று. அப்புறம் தலைப்பு. அப்புறம் கமா. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்ற இடத்துக்கு வருவதற்குள் அவருக்குக் காபி வந்துவிடும். காபி வந்தால் அவர் உறுப்பினராக இருக்கிற அரசாங்கக் கமிட்டி ஞாபகம் வந்துவிடும். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஃப்ளோரா தாள்களைச் சுருட்டிக் கைப்பையில் திணித்துக்கொண்டு ராயபுரத்துக்கு பஸ் ஏறவேண்டியதுதான். நாலு வருஷமாக இதே கூத்து. டாக்டர் பட்டம் வாங்குவது படிக்கிற வேலை என்று எவனோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது வராந்தா பெஞ்சில் உட்காருகிற வேலை.

ஃப்ளோரா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பாடம் நடத்தியவள். புருஷன் ஸ்டானிஸ்லாஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான். மாமியார் வியாகுலம்மாள், மூத்தவள் பிலோமி, நடை பழகி முடித்து இப்போது ஓட்டம் பழகும் கடைக்குட்டி லூர்து, எல்லோருமாக மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். அவள் எம்.எட். முடித்தபோது தெருவே கூடிப் பாயசம் குடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. காலையில் வகுப்பு கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மத்தியானம் எங்கே போய்த் தொலைகிறார்கள்?

எங்கே போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். காசிமேட்டில் மீன் கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, கூடைக்காரி தெருவுக்குள் நுழையவே வெயில் ஏறிவிடும். அதை அறுத்துக் கழுவிக் குழம்பு வைத்து இறக்கினால் உச்சிப்பொழுது. ஹார்பரிலும் ரயில்வே யார்டிலும் வேலை செய்கிற ஆம்பிளைகளுக்குக் காலையில் கட்டிக் கொடுக்கிற ஆறின சோறு ஆகாது. சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் மத்தியானச் சங்கு ஊதும்போது கேட் வாசலுக்கு வந்தாக வேண்டும். யார் கொண்டுபோவது? சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு போகும். அப்பன் தின்று முடித்துத் தூக்கைக் கழுவிக் கொடுக்கிற வரைக்கும் கேட்டோரம் வெயிலில் நிற்கும். திரும்பி வருவதற்குள் மத்தியான வகுப்பு பாதி முடிந்திருக்கும். இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்று வீட்டிலேயே நின்றுவிடும். இப்படி ஒரு வருஷம் ஓடும். மத்தியானம் நடத்துகிற கணக்கு புரியாது, புரியாததற்கு அடி விழும், அப்புறம் காலையிலும் போகாது. அவ்வளவுதான், ஒரு படிப்பு முடிந்தது.

இதற்கு ஃப்ளோரா ஒரு வழியும் வைத்திருந்தாள். ஹார்பர் ஓரத்துப் பள்ளிகளை மட்டும் காலையில் சீக்கிரமே திறந்து, ஒரே மூச்சாகப் பாடம் நடத்தி, மதியச் சோற்றோடு முடித்துவிட வேண்டும். பிள்ளை தூக்கும் கொண்டுபோகும், பாடமும் தவறாது. அரசாங்கம் இதைக் கொள்கையாகவே அறிவிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"மீன் குழம்புக்காக கவர்மெண்ட் டைம்டேபிளை மாத்தணும்கிறீங்க" என்றார் சுப்பராயன், முதல் நாளே.

"பிள்ளைங்களுக்காக சார்."

"பிள்ளைங்களுக்குத்தான் இலவசப் படிப்பு இருக்கு, மதிய உணவு இருக்கு. அதுக்கு மேலயும் வரலைன்னா அது பெற்றோருடைய அலட்சியம். அலட்சியத்துக்குக் கொள்கை கிடையாது மிஸஸ் ஸ்டானிஸ்லாஸ்."

சொல்லிவிட்டுத் தலைப்பை மாற்றச் சொன்னார். மாற்றினாள். ஆறு மாதம் கழித்து மறுபடி மாற்றச் சொன்னார். மாற்றினாள். மூன்றாவது தடவை அவர் சொன்ன தலைப்பு முதல் தலைப்பேதான், அவருக்கு அது மறந்துபோயிருந்தது. வீட்டிலிருந்துகொண்டு ஆராய்ச்சி நடக்காது, தினமும் நூலகத்துக்கு வந்து உட்கார வேண்டும் என்றார். சம்பளமில்லாமல் லீவு போட்டுவிட்டு, ஒன்றரை வருஷமாகக் காலையில் பஸ் ஏறி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற கட்டம் வந்தபோது ஒரு கட்டளை போட்டார் பாருங்கள், அதைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"நீங்க போகக்கூடாது. நீங்க அந்த ஏரியாக்காரர். உங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் உங்ககிட்ட சொல்லுவாங்க. ஆராய்ச்சின்னா ஒரு விலகல் வேணும்."

விலகல் என்றால் மயிலாப்பூரிலிருந்து வந்து போகிற குமாரவேல், மங்கை என்ற இரண்டு எம்.எட். மாணவர்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கேள்விகள் அச்சடித்த பாரங்களோடு, இருநூறு வீடு ஏறி இறங்கினார்கள். அந்த நாட்களில் ஃப்ளோரா தெருப்பக்கமே தலைகாட்டக்கூடாது என்பதால் நூலகம் மூடுகிற வரைக்கும் அங்கேயே காத்துக் கிடந்தாள்.

மார்ச் மாதம் பிறந்து வெயில் சுரீரென்று ஏறிய ஒரு திங்கட்கிழமை, பேராசிரியர் அவளைப் பார்த்து "உட்காருங்க" என்றார். நாலு வருஷத்தில் இது முதல் தடவை. அவளுக்குப் பயமாகப் போய்விட்டது.

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு பிள்ளைங்க பிற்பகலும் தவறாம வர்றாங்க. மீதி வீடுங்க பூட்டியிருந்துதாம். மதிய உணவுத் திட்டத்துக்கு இதைவிட என்ன வெற்றி வேணும்? கமிட்டியில இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

"சார், அது நிஜமில்ல."

"எது?"

"நான் அங்க பத்து வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். மத்தியானம் பாதி வகுப்பு காலியா இருக்கும் சார்."

"அது உங்க அபிப்பிராயம். இது டேட்டா." பாரங்களின் கட்டை அவள் பக்கம் தள்ளினார். "இருநூறு வீடு சேர்ந்து பொய் சொல்லுமா? முப்பத்தொண்ணாம் தேதியோட உங்க பதிவு முடியுது. இனிமே நீட்டிப்பு கிடையாது. அதுக்குள்ள இந்தக் கணக்கை வச்சு எழுதி டைப் அடிச்சுக் கொண்டுவாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போடறேன்."

எந்தக் கையெழுத்துக்காகப் பெஞ்சு தேய உட்கார்ந்தாளோ அது இப்போது கேட்காமலேயே வருகிறது. வாங்கிக்கொண்டால் டாக்டர் ஃப்ளோரா ஸ்டானிஸ்லாஸ். பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. ஹார்பர்க்காரன் வீட்டிலிருந்து அப்படி ஒருத்தி இதுவரை போனதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ அந்தக் கட்டைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டால் என்ன என்று இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாரங்களைப் புரட்டினாள். முதல் வீடு: 'எங்கள் குழந்தை முற்பகலும் பிற்பகலும் தவறாது பள்ளிக்குச் செல்கிறது.' சரி. இரண்டாவது வீடு: 'எங்கள் குழந்தை முற்பகலும் பிற்பகலும் தவறாது பள்ளிக்குச் செல்கிறது.' பத்தாவது வீடும் அதுவே. ஐம்பதாவது வீடும் அதுவே. அவள் தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு ஜீவன் இதுநாள்வரை பிற்பகல் என்ற வார்த்தையை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. எதிர்வீட்டுச் சொக்கம்மாள் பாரத்தின் அடியில் குமாரவேல் பையன் குறிப்பு வேறு எழுதியிருந்தான், 'இப்பகுதி மக்களின் பேச்சுத் தமிழ் மிகவும் தூய்மையாக உள்ளது' என்று. சொக்கம்மாளின் தமிழ். மீன்காரியோடு அவள் பேரம் பேசும்போது காதைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஃப்ளோரா பாரங்களைச் சுருட்டிக் கைப்பையில் திணித்தாள்.

குழாயடியில் பெண்கள் குடத்தை வரிசை போட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் சொக்கம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சரே, பாஸா?"

"என்ன பாஸு?"

"இன்னா இப்டி கேக்கற. அந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் வந்து உன் பரிச்சைக்கு கேள்வி கேட்டுச்சே. அல்லாரும் கரீட்டா சொன்னோமே."

"நான் ஒரு வார்த்த மாத்தல டீச்சர்" என்றாள் பக்கத்திலிருந்த அஜீசா. "நடுவுல இருமல் வந்துச்சு. உனுக்கு மார்க்கு போயிடுமேன்னு மூச்ச புடிச்சிகினு சொல்லி முட்ச்சேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

"வேற யாரு. உன் மாமியாருதான். தெனம் சாயங்காலம் குந்த வெச்சு சொல்லிக் குடுத்துச்சு. தப்பா சொன்னவள வூட்டுக்கே வுடல தெரியுமா. என்னிய எத்தினி வாட்டி சொல்ல வெச்சுதுன்னு கேளு."

எல்லார் முகத்திலும் அப்படி ஒரு பெருமை. பாஸ் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே குலவை போட்டிருப்பார்கள். இவர்களைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா? ஒன்றுக்கும் துப்பில்லாமல் வீட்டுக்குள் போனாள்.

வியாகுலம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஃப்ளோரா கைப்பையை வீசிய வேகத்தில் லூர்து திடுக்கிட்டு அழ ஆரம்பித்தான். பிலோமி ஓடிவந்து அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஃப்ளோரா பொதுவாக வீட்டிலும் பள்ளிக்கூடத்துப் பேச்சுதான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் பிறந்த தெரு வாய்க்கு வந்துவிடும்.

"இன்னா வேல அத்த பண்ணி வெச்சிக்கிறீங்க? உங்கள யாரு இதுல நடுவுல வரச் சொன்னது?"

"ஏன், பெயிலா?" வியாகுலம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "எவ தப்பா சொன்னவ? அந்தக் கடைசி வூட்டுக்காரிதானே? எனக்கு அப்பவே தெரியும்."

"ஒருத்தியும் தப்பா சொல்லல. அதான் தப்பு. நெஜத்தச் சொல்லணும் அத்த. புள்ள மத்தியானம் போவலன்னா போவலன்னு சொல்லணும்."

"நல்லா கீதே கத. உன் பையில இருந்த பாரத்த எடுத்து, கேள்வி இன்னான்னு பிலோமி படிச்சி சொன்னா. புள்ள மத்தியானம் இஸ்கூலுக்குப் போவுதான்னு கீது. அதுக்கு இல்லன்னா சொல்லுவாங்க? உன் பரிச்ச. எங்க வாயால தப்பு பதில சொல்லி உனுக்கு முட்டை போட வெக்கறதா?"

"இது பரீட்சை இல்ல. எத்தன தடவ சொல்றது?"

"இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா நீ இன்னா பண்ணுவ? மொத நாளே புள்ளைங்களுக்கு பதில சொல்லிக் குடுத்து, அவரு கேக்கறப்போ அல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு நீதானே பழக்குவ? பாத்துகினுதானே இருந்தோம். அதேதான் நாங்களும் பண்ணோம். நீ பண்ணா பாடம், நாங்க பண்ணா தப்பா?"

  இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் ஃப்ளோராவின் வகுப்பு மொத்தமும் 'ஆம் ஐயா' சொல்லிப் பழகியது நிஜம்தானே. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. மாமியாரிடம் காட்ட முடியாததைப் பிலோமியிடம் காட்டினாள். "நீதான் படிச்சுக் காட்டினியா? தூய தமிழ்ல பதில் எழுதிக் குடுத்தது நீதானா? இதுக்கெல்லாம் மூளை வேலை செய்யுது, கணக்குல மட்டும் ஏன் மார்க்கு அப்படிக் கழுதை மாதிரி வருது?" பிலோமி தம்பியைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவனுக்கும் எல்லாம் சொல்லப்பட்டது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு கையெழுத்து போடறேன்ட்டாரா இல்லியா?" என்றான்.

"போடறேன்னுட்டாரு."

"அப்பறம் இன்னா பேஜாரு? வாங்கிகினு வந்துடேன்."

"வாங்கிட்டு வந்தா இந்தத் தெருவுல ஒரு குறையும் இல்லன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. பள்ளிக்கூட நேரம் எந்தக் காலத்துக்கும் மாறாது. தூக்கு எடுத்துட்டுப் போற புள்ள போயிட்டேதான் இருக்கும். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கா நாலு வருஷம் நாயா அலைஞ்சேன்?"

அவன் தாயைப் பார்த்தான். தாய் பூண்டைப் பார்த்தாள். ஃப்ளோரா அதை அன்று கவனிக்கவில்லை. அவளுடைய எரிச்சலில் கப்பல் வந்து வாசலில் நின்றிருந்தாலும் கவனித்திருக்க மாட்டாள்.

மறுநாள் பேராசிரியரிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. இருநூறு பெண்கள் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்வார்கள் என்றால், அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்களா என்று கேட்டார். அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"நானே போய் மறுபடி கேட்கறேன் சார். முப்பத்தொண்ணுக்குள்ள எழுதித் தந்துடறேன்."

"எழுதுங்க. ஆனா நாளைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேள்வி கேட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்க தெருவை நீங்களே கேட்டு எழுதினதுன்னு தெரிஞ்சா அவர் தூக்கிப் போட்டுடுவார். உங்களுக்கு இந்தப் பட்டம் வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். வேண்டாம்னா நாலு வருஷம் உங்க பெஞ்சில உட்கார்ந்திருப்பேனா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஃப்ளோரா கிளம்பும்போது தானே காசு போட்டு வாங்கின வெற்றுப் பாரங்களின் கட்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்து தெரு சாவகாசமாக இருக்கிற நேரம். குழாயடிக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். பெண்கள் வந்தார்கள். ஏன் வரமாட்டார்கள், டீச்சர் கூப்பிட்டால். பேனாவைத் திறந்து அஜீசாவை முதலில் கேட்டாள். "சொல்லு அஜீசா, உன் பையன் மத்தியானம் ஸ்கூலுக்குப் போறானா?"

"எங்கள் குழந்தை முற்பகலும் பிற்பகலும்" என்று ஆரம்பித்தாள் அஜீசா.

"அது இல்ல. நிஜத்தச் சொல்லு."

அஜீசா முழித்தாள். ஃப்ளோரா அடுத்தவளைக் கேட்டாள். அவளும் முற்பகல் என்றாள். அதற்கடுத்தவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். நிஜத்தைச் சொன்னால் ரிஜிஸ்டரில் பேரை அடித்துவிடுவார்கள், காலையில் போகிற படிப்பும் மத்தியானச் சோறும் சேர்ந்து போய்விடும் என்று பயம். அப்படி ஒன்றும் நடக்காது என்று ஃப்ளோரா தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு மறுபடி முற்பகல்.

சொக்கம்மாளுக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள், "டீச்சரே, ஒண்ணு பண்ணு. இதுக்கு எது கரீட்டு பதிலுன்னு நீயே சொல்லிடு. அதையே அல்லாரும் சொல்லிடறோம். ஏன் வெய்யில்ல குந்திகினு கஸ்டப்படற."

ஃப்ளோரா பேனாவை மூடினாள். போதும். நாளைக்குப் போய்த் தொண்ணூற்றாறை டைப் அடிக்கக் கொடுத்துவிட வேண்டியதுதான். இவர்களுக்காக இவர்களோடேயே மல்லுக்கட்ட அவளால் இனி ஆகாது. பாரங்களை அடுக்கத் தொடங்கினாள்.

அப்போது வியாகுலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்த லூர்துவைச் சொக்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு மருமகளுக்கு எதிரே குந்தினாள்.

"எங்க வூட்ட எழுது."

"நம்ம வீடு கணக்குல வராது அத்தை."

"ஏன் வராது? நாங்க இந்தத் தெருவுல இல்லியா? எழுது. பேரு பிலோமி. அஞ்சாங்கிளாஸ். காலைல போறா. மத்தியானம் போறதில்ல."

ஃப்ளோராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. இவங்கள பேச வைக்கறதுக்கு நீங்க ஒரு பொய் சொல்லணும்னு இல்ல. எனக்காக நீங்கல்லாம் சொன்ன பொய் போதும்."

"பொய் இல்ல மே."

ஃப்ளோரா சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தியும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சொக்கம்மாள் பிள்ளையின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள், அது ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

"பட்டம்மாள் டீச்சர்தானே அவ வகுப்புக்கு. அட்டெண்டன்ஸ்ல ரெண்டு வேளையும் இருக்கே. நான் பார்த்தேனே."

"அது உனுக்காக போடறது. உன்கூட வேல செஞ்சவளாச்சே, அவளுக்கு மட்டும் மனசில்லியா? நீ இங்க இஸ்கூல்ல இருந்தப்போ மத்தியானம் வூட்டுக்கு வந்து கைப்புள்ளய வாங்கிக்குவ, நான் தூக்க எடுத்துகினு ஹார்பருக்குப் போவேன். இப்ப நீ காலைலயே பஸ் ஏறிடற. லாரி போற ரோட்ல இவன இடுப்புல வெச்சிகினு, கைல சுடு கொழம்பயும் எடுத்துகினு நான் எப்டி போறது? கீழ வுட்டா ஓட்றான். அவதான் அவ அப்பனுக்கு எடுத்துகினு போறா. வந்து இவன தூங்க வெப்பா. நான் தண்ணி புடிப்பேன்."

பிலோமி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஃப்ளோரா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"ஆயா சொல்லக்கூடாதுன்னிச்சு. சொன்னா நீ படிப்ப வுட்டுடுவியாம்."

கோபப்பட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கை பழக்கத்தில் பேனாவைத் திறந்தது. முற்பகல் என்ற இடத்தில் ஆம் என்று எழுதினாள். பிற்பகலில் இல்லை. அடுத்தது எவ்வளவு காலமாக என்ற கேள்வி. கேட்காமலே எழுதினாள், ஒன்றரை வருஷம். அதற்கும் அடுத்த வரியில் பேனா நின்றது. வியாகுலம்மாள் விடவில்லை. பாரம் முழுக்க அவளுக்கு மனப்பாடமாயிற்றே.

"காரணம் கேக்கல நீ."

"வேண்டாம் அத்தை."

"கேளு. அல்லாரும் பாத்துகினு கீறாங்க."

ஃப்ளோரா கேட்டாள். தெருவில் இருநூறு வீட்டில் கேட்கவேண்டிய கேள்வியைத் தன் வீட்டில் கேட்டாள். "காரணம் என்ன?"

"அம்மா படிக்கிறா" என்றாள் வியாகுலம்மாள். "அப்டியே போடு. வேற ஒண்ணும் சேக்காத."

அப்படியே போட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, அடித்துத் திருத்தவில்லை.

 பிறகு சொக்கம்மாள் லூர்துவை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அடுத்தாப்புல எங்க வூடு. பெரியவன் மூணாவதுல நின்னுட்டான். சின்னவன் இந்த வருசம் மத்தியானம் போறதில்ல. எழுதிக்கோ டீச்சரே."

அஜீசா அவள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பிலோமிதான் கட்டிலிருந்து புதுப் பாரம் ஒன்றை உருவி நீட்டினாள். ஃப்ளோரா அவள் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டாள்.